போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாத வாசல்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் டவுன் பஸ்ஸில் இன்றைக்கும் ஒரு நிறுத்தத்தின் பெயர் மெண்டல் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியை மூடியாகிவிட்டது. அந்த இடத்தில் ரோஜா நிறச் சுவரும் கண்ணாடிக் கதவுமாக ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. மண்டபத்தின் பெயரைச் சொல்லி ஆளை இறக்கும்படி அதன் சொந்தக்காரர்கள் கண்டக்டர்களிடம் கேட்டுப் பார்த்தார்களாம். பலன் இல்லை. பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வருகிறவர்களைப் பார்த்து, "மெண்டல் ஆஸ்பத்திரி எல்லாம் எறங்கு, எறங்கு" என்று கண்டக்டர் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

அது ஆஸ்பத்திரியாக இருந்தபோது நான் அங்கே வேலை பார்த்தேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்றாலும் இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த நர்ஸ்கள் கூச்சப்பட்டுக்கொண்டு "புளியமரம்" என்று மெதுவாகச் சொல்வார்கள். நான் உரக்கவே சொல்வேன். ஒரு தடவை கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பேஷண்டா, ஸ்டாஃபாம்மா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினேன். "சோஷியல் ஒர்க்கர். எம்.எஸ்.டபிள்யூ."

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, எனக்குச் சொல்லப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து, பிறகு லாரிக்கு மூட்டை ஏற்றப் போனவர். அம்மா ரைஸ் மில் களத்தில் நெல் காயவைத்தவர். நான் வாங்கிய பட்டத்தை அம்மா "எம்மெஸ்டபிளு" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொண்டு, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதை மறைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சினிமாவில் காட்டுவதுபோல அங்கே யாரும் தலைவிரி கோலமாக ஓடவில்லை. ஒரு டாக்டர் தன் சொந்த நிலத்தில் கட்டிய சிறிய மனநல ஆஸ்பத்திரி அது. ஒரு பக்கம் ஆண்கள் வார்டு, ஒரு பக்கம் பெண்கள் வார்டு, நடுவில் புளியமரம். பெரும்பாலான பகல் வேளைகளில் துணி துவைக்கும் சத்தமும் கேரம் காய் மோதும் சத்தமும்தான் கேட்கும். என் வேலை முக்கியமாகப் பேசுவது. உள்ளே இருப்பவர்களோடு பேச வேண்டும். அதைவிட அதிகமாக வெளியே இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களோடு பேச வேண்டும். "நல்லா ஆயிட்டாங்க, வந்து கூட்டிக்கினு போங்க" என்ற ஒரே விஷயத்தைக் கெஞ்சியும் அதட்டியும் விளக்கியும் போனில் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் சிலர் அழுவார்கள். சிலர், "ராங் நம்பர்" என்பார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் நடந்தது. குணமாகி வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு பையனையும் அவன் அம்மாவையும் வழியனுப்ப கேட் வரை போனேன். ஆட்டோவில் கால் வைத்த அந்த அம்மாவிடம் மரியாதையாக, "போய்ட்டு வாங்கம்மா" என்றேன். அவர் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. காலைக் கீழே எடுத்து வைத்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்கள். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல், புதிதாகப் புறப்படுகிறவர்களைப் போலப் புறப்பட்டுப் போனார்கள்.

வார்டில் வேலை பார்த்த அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏம்மா, இவ்ளோ படிச்சிக்கினு இது தெரியாதா? ஜெயிலு, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, எழவு வூடு, இங்கெல்லாம் போய்ட்டு வரேன்னு சொல்லவும் கூடாது, போய்ட்டு வான்னு அனுப்பவும் கூடாது. சொன்னா திரும்ப இங்கயே வந்துடுவாங்க."

"மாத்திரையை நிறுத்தினா திரும்ப வருவாங்க, ஆயாம்மா. வார்த்தையால இல்ல."

"முதல்ல என்னை ஆயாம்மான்னு கூப்புடறத நிறுத்து. எனக்கு இன்னும் பேரப்புள்ள பொறக்கல."

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். ஆஸ்பத்திரியிலோ வார்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதுதான் பெயர். நாற்பதைத் தாண்டியிராத அந்த அம்மாள் கடைசிவரை இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் மாற்றிக் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் கவனித்தேன். அங்கிருந்து போகிற யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பெரிய டாக்டர்கூடக் கையை மட்டும் அசைப்பார். "நல்லா இருங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. வேறு எந்த வீட்டிலும் சொல்லாமல் கிளம்பினால்தான் தப்பு. "போறேன்" என்று தவறிச் சொன்னால் என் அம்மா வாயிலேயே அடிப்பார். "வரேன்னு சொல்லுடி" என்பார். அந்த ஒரு வாசலில் மட்டும் எல்லாம் தலைகீழ். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பயந்தவர்களோடு வாதம் செய்வது என் வேலை இல்லை.

இந்த வழக்கத்தை மதிக்காத ஒரே ஆள் அங்கே டீ அக்காதான்.

அக்கா நோயாளியாக வந்தவர். நோய் அடங்கி வருஷக்கணக்காயிற்று. கூட்டிப்போக ஆள் இல்லாமல் தங்கிவிட்டார். மூன்று மணிக்கு மேல் சமையல்கட்டில் பெரிய தேக்சாவில் பால் பொங்கும். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டதும் ஆண்கள் வார்டில் கேரம் நின்றுவிடும். டாக்டர், வாட்ச்மேன், நோயாளி எல்லோருக்கும் ஒரே அளவு டம்ளர். டாக்டர் ஒருநாள் இன்னும் கொஞ்சம் கேட்டபோது, "வரிசைல வாங்க சார்" என்றார் அக்கா.

அவர் அங்கே வந்த கதையை டீ வடிகட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொல்வதுபோல இருந்தது.

"கூட்டிக்கினு வந்த ஆளு, இதோ இந்த கேட்டாண்ட என்னை உக்கார வச்சிட்டு, 'டீ குடிச்சிட்டு வரேன், இங்கயே இரு'ன்னான். போனவன்தான்." வடிகட்டியைத் தட்டினார். "எந்த ஊர் டீக்கடைக்குப் போனானோ, இன்னும் ஆத்திக்கினு இருக்கான்."

அந்த ஆள் அவருடைய கணவர். அதனால்தான் இங்கே டீ போடுகிறீர்களா என்று ஒரு சின்ன நர்ஸ் கண் கலங்கிக் கேட்டது. "அடப் போம்மா. பால் வந்துச்சு, காய்ச்ச ஆளு இல்ல, போட்டேன்" என்றார் அக்கா.

அவரைப் பார்க்க வருகிற ஒரே ஆள் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சாயக்காரர்களின் கையை எவ்வளவு தேய்த்தாலும் நிறம் முழுதாகப் போகாது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவர் விரல்கள் வேறு நிறத்தில் இருக்கும். இருவரும் பெஞ்சில் உட்காருவார்கள். அக்கா கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னாடா கலரு?"

"வாடாமல்லிக்கா."

"யாருக்குக் கல்யாணமோ."

பிறகு தம்பி முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

நான் சேர்வதற்கு முன்பு ஒரு தடவை அவர் அக்காவை வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். புறப்பட்ட அன்று அக்கா வார்டு வார்டாகப் போய், புளியமரத்தடியில் நின்று, கேட்டிலும் நின்று, எல்லோரிடமும் "போய்ட்டு வரேன், போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆயாம்மா காதைப் பொத்திக்கொண்டாராம். வீட்டில் நன்றாகத்தான் இருந்தார். நன்றாக இருக்கிறாரே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தூக்கம் போயிற்று. பிறகு தெருவில் இறங்கிக் கத்தல். கடைசியில் தம்பியே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். மாத்திரையை நிறுத்தியது தப்பு என்று அவர் ஒத்துக்கொள்வார். ஆனால் அவர் மனசுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. அக்கா அந்த வார்த்தையைச் சொன்னார், திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரிய டாக்டர் காலமானார். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியை மூடுவதென்று முடிவாயிற்று. நோயாளிகளில் பலரை வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். யாரும் வராதவர்களை வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு இல்லத்துக்கு வேனில் அனுப்ப ஏற்பாடு. அந்தப் பட்டியலில் டீ அக்காவும் இருந்தார். அது மோசமான இடம் இல்லை, நான் போய்ப் பார்த்தேன். ஆனால் தூரம். சாயப்பட்டறையை விட்டுவிட்டுத் தம்பி அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர முடியாது. அங்கே போனால் அக்கா அங்கேயேதான். "இந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம், இல்லமும் வேண்டாம். வேளாவேளைக்கு மாத்திரை, கூட ஆள். அவ்வளவுதான்" என்று அங்கே வேலை பார்த்த சின்ன டாக்டர் சொன்னார். அந்தக் கூட ஆளைப் பிடிப்பது என் பொறுப்பு.

பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். சந்தின் இரு பக்கமும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம். தம்பி வீட்டுப் பின்பக்கம் கொப்பரையில் சாயம் கொதித்தது, மூங்கிலில் பட்டு நூல் ஈரம் சொட்டத் தொங்கியது. என் அம்மா சின்ன வயதில் இந்தப் பக்கம் தவிட்டு மூட்டை கொண்டுவந்தால் பின்வாசலில்தான் நிற்க வேண்டுமாம். எனக்கு நாற்காலி போட்டார்கள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தடையாக இருக்கப் போவது தம்பியின் மனைவிதான் என்று நினைத்துப் போயிருந்தேன். அவர் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டார். மாத்திரை எங்கே கிடைக்கும், எத்தனை நாளைக்கு, தூக்கம் வராவிட்டால் யாருக்குப் போன் பண்ணுவது. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள் என்று சொல்லி, என் நம்பரைக் கொடுத்தேன்.

"அண்ணி மேல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். முன்னாடி யாரும் இதெல்லாம் சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனா? கூட்டிக்கினு வரட்டும்."

தம்பி தலைகுனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாம்பழ மஞ்சள். "கூட்டிக்கினு வரேன். ஆனா ஒண்ணு மேடம். கேட்டைத் தாண்டும்போது எங்கக்கா வாயைத் திறக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. இன்னொரு தபா அவங்கள ஆட்டோல ஏத்திக்கினு வர எனக்குத் தெம்பு இல்ல."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். சந்தோஷமாக பஸ் ஏறினேன். உயரமான சுவர் என்று நினைத்தது வாசல்படியாக இருந்தது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வாசல்படியில்தான் தடுக்கியது.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தம்பி வருகிறார் என்றதும் கை நின்றது. நிபந்தனையைச் சொன்னதும் மறுபடி கழுவத் தொடங்கினார்.

"அப்போ நான் வரல."

"அக்கா, ஒரு நிமிஷ வேலை. வாயை மூடிக்கிட்டு ஆட்டோல ஏறிடுங்க."

"இத்தினி வருஷம் இந்த வூட்ல சோறு தின்னுருக்கேன். எழவு வூட்லேருந்து போற மாதிரி சொல்லாம கொள்ளாம போகச் சொல்றியா?"

"ஆஸ்பத்திரிக்கா இது."

"உனக்கு ஆஸ்பத்திரி. எனக்கு?"

"சரி, மனசுக்குள்ள சொல்லிக்கோங்களேன். வெளியே கேக்கவா போகுது?" என்றேன்.

"மனசுக்குள்ள பேசினாத்தான் மாத்திரை குடுக்கறீங்களே."

ஆயாம்மா கதவோரத்தில் நின்று சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். என்ன நிறம் என்று அக்கா கேட்கவில்லை.

"உம் பொண்டாட்டி மாத்திரையை நிறுத்தினா. நீ பழியை என் வாய் மேல போடுறே."

"பழி போடலக்கா. பயமா இருக்குது."

"வரேன்னு சொல்லிட்டு வராம போனான் ஒருத்தன். வரேன்னு சொல்லவே கூடாதுங்கறே நீ. ரெண்டு பேருக்கும் நடுவுல என் வாய் இன்னா பாவம் பண்ணுச்சு?"

தம்பி முறுக்குப் பொட்டலத்தை பெஞ்சில் வைத்தார். எழுந்து, வாயை இறுக்கிக்கொண்டு, போய்விட்டார்.

வேன் வர வேண்டிய வாரம் வந்துவிட்டது. வார்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள். கேரம் போர்டு யார் வீட்டுக்கோ போயிற்று. டீ குடிக்க ஆள் குறையக் குறைய அக்கா சின்னப் பாத்திரத்துக்கு மாறினார். அப்புறம் இன்னும் சின்னது. நான் இரண்டு பக்கமும் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது. இருவர் சொன்னதிலும் எனக்கு நியாயம் தெரிந்தது, அதுதான் கஷ்டம். ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டால், அதே கேள்வியை அக்காவிடமும் கேட்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் இருவரில் யாராவது விட்டிருப்பார்கள்.

ஒருநாள் காலையில் தம்பியின் மனைவி போன் செய்தார். பின்னால் குக்கர் சத்தம். "மேடம், ஒரு டவுட்டு. ஆஸ்பத்திரியிலதானே சொல்லக் கூடாது?"

"ஆமா."

"அது எப்போ ஆஸ்பத்திரியா இல்லாம போகும்?"

"வேன் போன பிறகு. போர்டைக் கழட்டிடுவாங்க."

"அப்போ போர்டை முன்னாடியே கழட்டிட்டு அண்ணிய அனுப்புங்களேன். வெறும் கட்டடத்துல நின்னுக்கினு யார் என்ன சொன்னா இன்னா? இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் தூங்காம புரண்டுக்கினு இருக்காரு. எனக்கும் தூக்கம் போச்சு. இப்போ மாத்திரை எங்களுக்குத்தான் வேணும்."

மாற்றுவழி இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஆயாம்மாவைக் கேட்டேன். அவர்தான் அங்கே இந்த விஷயத்தில் நீதிபதி. நன்றாக யோசித்துவிட்டு, "போர்டு எறங்கிட்டா செல்லாது" என்றார். அக்காவைக் கேட்டேன். "சொல்லலாம்னா சரி. எப்போன்னு எனக்கு இன்னா" என்றார்.

வேன் வந்த அன்று தம்பியும் ஆட்டோவோடு வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றுகொண்டார். போர்டைக் கழற்ற வருகிறேன் என்ற வெல்டிங் கடைக்காரர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் அக்காவின் பெயர் இன்னும் இருந்தது. இவர் வருகிறாரா இல்லையா என்று டிரைவர் என்னிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

வாட்ச்மேன் அண்ணன் ஸ்பேனரோடு ஸ்டூலில் ஏறினார். போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. "வராதும்மா இது. நான் சேர்றதுக்கு முன்னாடி மாட்டினது."

ரோட்டிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கேட்டுத் தூணின் மேலேயே ஏறி உட்கார்ந்து, ஸ்பேனரை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். அரக்குச் சிவப்பு விரல்கள் வெளுத்துப்போயின. கீழே அக்கா ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். "பாத்துடா. காலு வழுக்கப் போகுது" என்றார். முதல் போல்ட் கிரீச்சென்று விட்டது. மற்றவை அவ்வளவு படுத்தவில்லை. போர்டைக் கீழே நின்ற நானும் வாட்ச்மேன் அண்ணனும் ஆயாம்மாவும் தாங்கிப் பிடித்துச் சுவரோரம் எழுத்து உள்பக்கமாகச் சாய்த்து வைத்தோம். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்புபோல வெள்ளையாக இருந்தது.

"ம், சொல்லுக்கா" என்றார் தம்பி மேலிருந்தபடியே. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அக்கா அவசரப்படவில்லை. சமையல்கட்டுக்குள் போய்விட்டு வந்தார். புளியமரத்தடியில் நின்றார். வேனில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் ஜன்னல் வழியாகச் சொன்னார். வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னார். ஆயாம்மாவிடம், "போய்ட்டு வரேன்டி ஆயா" என்றார். போர்டு இறங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொன்ன ஆயாம்மாவுக்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். ஆயா என்றதற்குச் சண்டை போடவும் இல்லை.

என்னிடம் வந்தார். "போய்ட்டு வரேம்மா."

"போய்ட்டு வாங்கக்கா" என்றேன். அந்த வாசலில் அதை நான் சொன்னது அது இரண்டாவது தடவை.

அதன்பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசும் வேலை. அக்கா தம்பி வீட்டில் இருந்தார். மாதா மாதம் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினார். சாயப்பட்டறைக்கு டீ போட்டார். அவ்வப்போது தம்பியின் மனைவி போன் செய்து, பட்டறை ஆட்கள் இப்போது டீக்கடைக்கே போவதில்லை என்று சொல்வார். நல்ல சேதி என்பதால் நானும் அதிகம் கவலைப்படவில்லை.

ஒருநாள் மதியம் தம்பி போன் செய்தார். குரலே சரியில்லை. "மேடம், அக்காவக் காணோம். ரேஷன் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வூட்ல இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தேன்னு ஒருத்தர் சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தினார். "சொன்னேனே மேடம், அந்த வார்த்தைய வேணாம்னு சொன்னேனே."

பஸ் ஸ்டாண்டு என்றதும் எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது. அவருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். நான் பஸ்ஸில் போய் இறங்கும்போது அவருடைய மொபெட் வந்து நின்றது. கையைக் கழுவாமலே ஓடிவந்திருந்தார். ஹேண்டில் முழுக்கக் கிளிப்பச்சை.

கட்டடத்தில் மண்டப வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வார்டும் ஆண்கள் வார்டும் இடிந்து ஒரே ஹாலாகியிருந்தன. புளியமரம் அப்படியே இருந்தது. அதன் அடியில், சிமெண்ட் மூட்டைமேல், கொத்தனார்களுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார். முதுகு எங்கள் பக்கம். தம்பி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நானும்தான். வருஷக்கணக்கில் பார்த்த முகம்தான், ஆனால் அந்தக் கணத்தில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா திரும்பினார்.

"இன்னாடா, பச்சையா?" என்றார்.

தம்பி அப்படியே செங்கல் அடுக்கில் உட்கார்ந்தார். "ஏங்க்கா வந்தே? ஏன் சொல்லாம வந்தே?"

"யாரு சொல்லாம வந்தது? அன்னிக்கே சொல்லிட்டுத்தானே போனேன், வரேன்னு. சொன்னா வந்து பாக்கணுமா இல்லையா? நான் இன்னா அந்த டீ குடிக்கப் போன ஆளா?" பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளைக்கு பஸ்ஸு சும்மாதானேம்மா. பார்த்துட்டு இருட்டறதுக்குள்ள போய்டலாம்னு வந்தேன். கண்டக்டரு இன்னும் அதே பேரச் சொல்லித்தான் எறக்கி வுட்டான்."

"மாத்திரை?" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மதிய மாத்திரை போயிருந்தது. "தண்ணி இவர்கிட்டதான் வாங்கினேன்" என்று வாட்ச்மேன் அண்ணனைக் காட்டினார். மண்டபத்துக்கும் அவரையே வைத்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் ஒருவர், "அம்மா எங்க டீயைக் குடிச்சிட்டு மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கறீங்களான்னு கேட்டுது சார்" என்று தம்பியிடம் புகார் சொன்னார்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் பச்சை ஒட்டியது. அதைப் பார்த்து அக்கா சிரித்தார், கொத்தனார்கள் சிரித்தார்கள், கடைசியில் அவரும்.

புறப்பட்டோம். வார்டு இருந்த பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டு அக்கா மொபெட்டில் ஏறி உட்கார்ந்தார். "போய்ட்டு வரேன்பா" என்று வாட்ச்மேனிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். தம்பி வண்டியை உதைத்துக் கிளப்பினார். எல்லா வீட்டு வாசலிலும் எல்லோரும் சொல்வதுபோல, கவனம் வேறெங்கோ இருக்க, "வரேன்ணா" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே உறைந்தார். அந்த வாசலில் இத்தனை வருஷமாக ஒருதடவைகூடத் திறக்காத வாய். வண்டி நின்றுபோனது. கையை எடுத்து வாயைப் பொத்தப் போய், கையில் சாயம் இருந்ததால் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

பின்னாலிருந்து அக்கா அவர் தோளைத் தட்டினார்.

"சொல்லிட்டே இல்ல? இனிமே நீயும் வந்துதான் ஆகணும். வண்டிய எடு."